அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள்

புதுப்பட்டினம்
10 ஜூன் 2024

சலோமிக்கு உன் அக்கா சாராள் எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். முட்டி வலி, கண்ணில் புரை, மற்றபடி குறைவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். ஊருக்கெல்லாம் சுகம் கொடுக்கிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது.

ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் தபித்தாளை அடக்கம் பண்ணிய அன்று, இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது, உன் கால் என் வாசலில் படக்கூடாது என்று கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அதை இன்றுவரை மீறவில்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற மாரியம்மா சர்க்கரை வியாதிக்காரி. உள்ளங்கால் எரிகிறது, ஊசி குத்துகிறது என்று வருஷக்கணக்காக அழுதுகொண்டே வருவாள். நேற்று சிரித்துக்கொண்டு வந்தாள். என்னடி என்று கேட்டேன்.

"யக்கா, செங்கல்பட்டுலேர்ந்து பஸ்ஸுல வந்துகினு இருந்தேன். நோவு தாங்காம அழுதுகினு குந்தினு கீறேன். பக்கத்துல வெள்ளப் பொடவ கட்டின ஒரு அம்மா, ‘எங்கம்மா வலிக்குது, தொடலாமா’ன்னு கேட்டுச்சு. ஓடற பஸ்ஸுல செருப்பக் கயட்டி வெச்சுட்டு, குனிஞ்சு என் கால்ல கைய வெச்சு, கண்ண மூடிகினு ஏசுகிட்ட பேசுச்சு. மீன் கவுச்சி புடிச்ச காலுக்கா! என் மருமவகூட தொட மாட்டா. அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் பூடுச்சு. பேருகூட சொல்லல. கொஞ்சம் கொஞ்சமா நோவெல்லாம் அடங்கி, இப்ப ஒண்ணுமே தெரியலக்கா."

செருப்பைக் கழற்றினாள் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெபத்துக்கு முன்னால் முள்ளுக்காட்டில் நின்றாலும் செருப்பைக் கழற்றுகிறவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

கேட்கிறேன். என் மகள் ஒரு கோடையிலிருந்து அடுத்த மழைக்காலம் வரை வயிற்றில் கட்டியோடு கிடந்தாள். "சின்னம்மா கை சூடா இருக்கும்மா. வயித்து மேல கொஞ்ச நேரம் வெக்கச் சொல்லேன்" என்று கேட்டாள். ஆள்மேல் ஆள் அனுப்பினேன். நீ வரவில்லை. யாரோ ஒரு மீன்காரியின் காலைத் தொட்ட கை என் பிள்ளையின் வயிற்றைத் தொட ஏன் வரவில்லை?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

சாராள்


செங்கல்பட்டு
17 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை சலோமியின் ஸ்தோத்திரங்கள்.

ஆண்டவர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழிக்காமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தேன். புரையை அப்படியே விடாதே அக்கா. நான் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கண் முகாம் நடக்கிறது, தேதி கேட்டு எழுதுகிறேன். பேத்தி ஜெனிட்டா ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாமே, சந்தோஷம். அவளைப் பார்த்தால் தபித்தாள் மாதிரியே இருக்கிறாளா?

அந்த அம்மாளுக்கு வலி நின்றது என்று படித்துவிட்டு அழுதேன். பஸ்ஸில், ரயில் பிளாட்பாரத்தில், மருந்துச் சீட்டு வரிசையில் எத்தனையோ பேர்மேல் கை வைத்திருக்கிறேன். சுகமானது என்று திரும்பி வந்து ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. உன் கடிதம்தான் முதல் சாட்சி. அவள் இப்போதும் நன்றாக நடக்கிறாளா? அதை எழுது அக்கா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
சலோமி


புதுப்பட்டினம்
29 ஜூன் 2024

சலோமிக்கு.

சாப்பிடுகிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டு சாப்பிடவில்லை.

கண் முகாம், ஓசூர், சாட்சி என்று ஒரு பக்கம் நிறைத்திருக்கிறாய். கேட்டதற்கு ஒரு வரி இல்லை. உனக்கு இது புதிதில்லை. ஏரிக்கரையில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் நாற்று நடப் போவேன். வாத்தியார் "யார் கொண்டுவந்து விட்டாங்க" என்று கேட்டதற்கு "நானே வந்தேன்" என்று சொன்னாய். ஜன்னலுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். தபித்தாளின் ஞானஸ்நானத்துக்கு வந்து பிரியாணியில் உப்பில்லை என்றாய். உப்பு இருந்தது.

உன் சாட்சி நன்றாக நடக்கிறாள். செருப்பைக்கூட விட்டுவிட்டாள். அக்கினி வெயில் முடிந்தும் தார் ரோடு இளகிக் கிடக்கிறது. வெறுங்காலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"இன்னாடி, செருப்பு அறுந்துபோச்சா?"

"ஐய, இல்லக்கா. அந்தம்மாவே செருப்பக் கயட்டிட்டுத்தான் கும்புட்டுச்சு. ஏசு தொட்ட காலுக்கு இன்னாத்துக்கு செருப்பு? ஒரு வருசத்துக்குப் போட மாட்டேன்னு வேண்டிகினேன்."

"உங்க அம்மனுக்குத்தானே அப்படி வேண்டிப்பாங்க?"

"எந்த சாமியா இருந்தா இன்னாக்கா, நோவு போச்சா இல்லியா? சுடவே இல்ல, தெரியுமா? பாயி மேல நடக்கறாப்புல கீது."

என் கேள்வி அப்படியே இருக்கிறது. உன் உடம்புக்கு ஒன்றும் வராது, பயப்படாதே.

சாராள்


செங்கல்பட்டு
8 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நான் செருப்பைக் கழற்றுவது என் பழக்கம். அவளைக் கழற்றச் சொல்லவில்லை. அவளைச் செருப்புப் போடச் சொல். சர்க்கரைக்காரர்களின் கால் எனக்குத் தெரியும், வார்டில் எத்தனையோ பேருக்குக் கட்டு மாற்றத் தட்டு பிடித்திருக்கிறேன். சுடவில்லை என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கால் மரத்துப்போனால்தான் சூடு தெரியாது. ஒரு நாள் உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார் அக்கா. நீ சொன்னால் கேட்பாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்தேன். நேரில் வந்து சொல்லட்டுமா? உன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

சலோமி


புதுப்பட்டினம்
5 ஆகஸ்ட் 2024

சலோமிக்கு.

வராதே. சொன்னது சொன்னதுதான். முட்டிக்குத் தைலம் போடுகிறேன், அதில் ஒன்றும் குறைவில்லை.

ஆடி மாதத்தில் மாரியம்மா குப்பத்து அம்மன் கோயிலுக்குக் கூழ்க்குடம் தூக்கினாள். அதுவும் வெறுங்காலோடு. போகிற வழியெல்லாம் உன் கதையைத்தான் சொன்னாளாம். "ஏசம்மா, ஏசம்மா" என்று உனக்குப் பேரே வைத்துவிட்டாள். மேளக்காரன்கூட "அந்த ஏசம்மாவ என் தோள்பட்டைக்கு ஒரு தபா இட்டாறியா" என்று கேட்டானாம்.

நேற்று வாசலைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். அவள் வந்து நின்றாள். ஈரச் சிமெண்டில் இடது காலின் தடம் சுத்தமாக இருந்தது. வலது காலின் தடம் சிவப்பாக இருந்தது. மீன் ரத்தம் என்று சொல்லாதே. கூடை அப்போது அவள் தலையில்தான் இருந்தது. கிளிஞ்சலோ ஆணியோ, எதுவோ ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை.

"இன்னாக்கா, தரையவே பாத்துகினு கீற?"

"ஒண்ணுமில்ல. சங்கரா நேத்துதா இன்னிக்குதா?"

"உனக்குப் போய் நேத்து மீன் குடுப்பனா? செவுளத் தூக்கிப் பாருக்கா!"

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல மீன்தான். அவள் போனபிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உன் சாட்சி என் வாசலில் எப்படி வந்து போகிறது என்று தெரிந்துகொள்.

சாராள்


செங்கல்பட்டு
8 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலம் கேட்க நேரம் இல்லை. இன்றைக்கே அவளிடம் சொல். ரத்தம் வருகிறது என்று சொன்னால் போதும், குனிந்து பார்த்துக்கொள்வாள். கல்பாக்கத்திலோ இங்கேயோ எந்த ஆஸ்பத்திரிக்காவது அனுப்பு. இங்கே வந்தால் நான் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன். என்மேல் உள்ள கோபத்தை அந்தப் பெண்ணின் காலில் வைக்காதே அக்கா. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சலோமி


புதுப்பட்டினம்
19 ஆகஸ்ட் 2024

சலோமிக்கு.

நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சுகமாகிவிட்டேன் என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் போய் இல்லை என்று சொன்னால், வயிற்றெரிச்சல்காரி என்பாள். கை வைத்தவள் நீ. நீ சொல்.

இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறாள். இப்போது காலில் துணி சுற்றியிருக்கிறாள். "இன்னாடி அது" என்று கேட்டேன். "தோலு வெடிச்சிருக்குக்கா, வலியெல்லாம் இல்ல" என்றாள். ஈ மொய்க்கிறது.

ஒன்று செய்யலாம். நான் கேட்டதற்கு நீ உண்மையான பதிலை எழுது. எழுதினால் அவளை நானே பஸ் ஏற்றி உன் வாசலுக்கு அனுப்புகிறேன். நீ தொட்டதை நீயே உன் கண்ணால் பார்த்துக்கொள். என் பிள்ளைக்குச் சொல்லாத பதிலை யாரோ ஒருத்தியின் காலுக்காகவாவது சொல்வாயா என்று பார்க்கிறேன்.

உன் சுகத்துக்கு எழுது.

சாராள்


செங்கல்பட்டு
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரர் ஜான்சன் ஈரல் கெட்டுப் படுத்திருந்தபோது தினமும் காலையில் அவர்மேல் கை வைத்து ஜெபித்தேன். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். முதலில் சில நாள் "அப்படியேதான் கீது" என்றார். என் முகம் வாடுவதைப் பார்த்தார் போலிருக்கிறது. அப்புறம் நான் கேட்பதற்கு முன்னாலேயே "பரவால்ல சலோமி" என்று சொல்ல ஆரம்பித்தார். கால் வீங்கியபோதும் பரவால்ல. ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டும் பரவால்ல. செத்துப்போன அன்று காலையிலும் அதைத்தான் சொன்னார். சாகக் கிடந்த மனுஷர் என் மனசு நோகக்கூடாது என்று எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு, நாளைக்கு மறுபடியும் பார்க்க வேண்டிய யார்மேலும் என்னால் கை வைக்க முடியவில்லை. ஜெபத்தை விடவும் முடியவில்லை. அதனால்தான் முன்பின் தெரியாதவர்கள். கண்ணை மூடிக்கொள்வேன். முடிந்ததும் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். என் ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்தாலும் இறங்கி, வேறு பஸ் பிடிப்பேன். அவர்களுக்குச் சுகமானதா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் என்னால் நம்ப முடிகிறது.

தபித்தாள் கேட்டாள் என்று நீ ஆள் அனுப்பியபோது புறப்பட்டு வந்தேன். புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீ குடித்தேன். தபித்தாள் என்னைப் பார்த்து "பரவால்ல சின்னம்மா" என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இதுதான் பதில். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை அனுப்பு.

சலோமி


செங்கல்பட்டு
14 செப்டம்பர் 2024

அக்கா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அவளும் வரவில்லை. தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓசூருக்குப் போன் போட்டு ஜெனிட்டாவிடம் சொன்னேன். உன்னிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "சின்ன ஆயா, அப்படி மீன் விக்கிற மாரியம்மான்னு யாருமே வர்றதில்லன்னு ஆயா சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் இன்னா சண்ட போட்டுக்கிறீங்க?" என்றாள்.

போன வியாழக்கிழமை நானே வந்தேன். மார்க்கெட்டில் மீன் வைத்திருந்த பெண்களுக்கு நடுவே நடந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, நான் பார்க்கவே இல்லையே. அதனால் எல்லாருடைய காலையும் பார்த்துக்கொண்டே போனேன். "இன்னா ஆயா, மீனு மேல கீது, கீய இன்னாத்தத் தேடற?" என்று சிரித்தார்கள். மாரியம்மா என்று கேட்டேன். ஐந்தாறு மாரியம்மா இருக்கிறார்கள். நான் தேடியவள் தெருத்தெருவாகப் போகிறவளாம், எப்போது எங்கே இருப்பாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

உன் தெரு முனைக்கும் வந்தேன். நீ வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். மெலிந்துவிட்டாய். நீ கல்லறையில் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். திரும்பிப் போவதுதான் எனக்கு எப்போதும் வருகிறது.

சலோமி


புதுப்பட்டினம்
20 செப்டம்பர் 2024

சலோமிக்கு.

இந்தக் காகிதத்தைக் கொண்டுவருகிறவள் மாரியம்மா. நேற்றிலிருந்து காய்ச்சல். என் வாசலில் கூடையோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தேன். எதிர் வீட்டு வாசுதேவன் தன் ஆட்டோவில் கொண்டுவருகிறார். "ஏசம்மாகிட்டயா போறோம்?" என்று சந்தோஷமாகத்தான் ஏறினாள்.

சாராள்


செங்கல்பட்டு
9 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாசுதேவன் உனக்குச் சொல்லியிருப்பார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை.

என் வாசலில் ஆட்டோ நின்றதும் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். "இந்தம்மாதான்! இந்தம்மாவேதான்!" என்று காய்ச்சலோடு கத்தினாள். நான் முதல்முதலாக அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் இரண்டு பக்கமும் பொட்டு மூக்குத்தி. தாடையில் பச்சை குத்தியிருக்கிறாள்.

காலை எடுத்தபிறகும் அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம், "நோவே இல்லாம அறுத்துகினேன் பாரு, எல்லாம் இவங்க கை வெச்சதுதான்" என்கிறாள். மறுபடியும் கை வைக்கச் சொல்லிக் கேட்டாள். என்னால் முடியவில்லை. மூத்திரப் பாத்திரம் எடுத்தேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். கையை அதற்கு மட்டும்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

காலை எடுத்த டாக்டர் சின்னப் பிள்ளை. "ஆகஸ்ட் கடைசியில வந்திருந்தாக்கூட ரெண்டு விரலோட போயிருக்கும் பாட்டி" என்றார்.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட்டில் நான் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய கடிதம் உன் கைக்கு எப்போது வந்தது?

சலோமி


புதுப்பட்டினம்
12 டிசம்பர் 2024

சலோமிக்கு அக்கா சாராள் எழுதுவது.

மழை பிடித்துக்கொண்டது. முட்டி மடங்கவில்லை. உனக்குக் குளிரில் இருமல் வரும், சின்ன வயசிலிருந்தே வரும், வெந்நீர் குடி.

கடிதம் எப்போது வந்தது என்று கேட்டாய். என் கேள்விக்கு நீ இரண்டு வருஷம் கழித்துப் பதில் சொன்னாய். நீயும் காத்திரு.

மாரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் மருமகள் தமிழரசி மீன் கொண்டுவருகிறாள். செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறாள். என் வாசலில் நிற்பதில்லை.

நேற்று மழை விட்டபிறகு மாரியம்மா கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குப்பத்திலிருந்து இவ்வளவு தூரம். உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

"யக்கா, நோவு திரும்ப வந்துடுச்சு. அதே கால்தான். இல்லாத காலு எரியுதுக்கா. அந்தப் பெருவெரல்லயே ஊசி குத்துது. ஆரும் நம்ப மாட்றாங்க."

"ஆஸ்பத்திரில சொன்னியா?"

"சொன்னேன், மாத்தர குடுத்தாங்க. நீ ஏசம்மாவுக்குக் கூடப் பொறந்தவதான? உன் கையும் அந்தக் கைதான? கொஞ்சம் வையேன்."

எனக்கு ஜெபம் வராது என்று சொன்னேன். தபித்தாள் போனதிலிருந்து வரவில்லை. அவள் விடவில்லை. புடவையை ஒதுக்கிக் காட்டினாள். அன்றைக்கு என் வாசலில் சிவப்பாகத் தடம் போட்ட கால் இருக்க வேண்டிய இடத்தில் தரைதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல் போட்ட இடத்தில் கை வைத்தேன். கண்ணை மூடத் தோன்றவில்லை. வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கையை எடுக்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன பார்த்தாளோ தெரியாது. என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பரவால்லக்கா" என்றாள்.

நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்கு இறங்கிக்கொள்ள அடுத்த நிறுத்தம் இருந்தது சலோமி. இது என் வீடு. நான் எங்கே இறங்குவது?

சாராள்